மார்கரெட் மேடத்தின் செல்கள்

மானுட குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள கிழக்கு மூலை அறையில், சென்ற ஏப்ரல் மாதம் ஒரு செல் நகர்ந்தது. எவ்வளவு தூரம் என்று கேட்பவர்களுக்கு: ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. இந்த மகத்தான பெயர்ச்சியால் தாமிரபரணி திசை மாறவில்லை. வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் ஒரு ஹாரன்கூடக் குறையவில்லை. சீவலப்பேரி டவுன் பஸ் வழக்கம்போலத் தாமதமாகவே வந்தது. ஆனால் முனைவர் சிவசண்முகத்தின் அடிவயிற்றில் ஏதோ திகுதிகுவென்று எரிந்தது. வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிவசண்முகம் அந்தக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடங்களாகக் கருவியல் நடத்துகிறவர். கோழிக்கருதான் அவருடைய குலதெய்வம். அடைகாத்து இரண்டு நாள் ஆன கோழிக்கரு ஓர் அரிசி மணி அளவுதான் இருக்கும். அதன் முதுகில் ஒரு குழல். மூளையும் தண்டுவடமும் ஆகப்போவது அது. குழலின் உச்சி விளிம்பில் இருக்கும் சில செல்கள், பக்கத்துச் செல்லைப் பிடித்திருந்த கையை ஒருநாள் விட்டுவிட்டு, இறங்கி நடக்க ஆரம்பிக்கும். முகத்துக்குப் போகிறவை தாடை எலும்பாகும். தோலுக்குப் போகிறவை நிறமாகும். குடலுக்குப் போகிறவை அதன் நரம்பாகும். சில இதயம் வரைக்கும் போய் அங்கே சுவர் எழுப்பும். போகிற வழியில் இரண்டு செல்கள் முட்டிக்கொண்டால் சண்டை கிடையாது. நீட்டிய காலை இழுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிடும். இந்த நாகரிகத்தால்தான் நமக்கெல்லாம் முகம் என்று ஒன்று வாய்த்திருக்கிறது. கல்லூரித் துறைகளில் இந்த நாகரிகம் கிடையாது. அதனால்தான் அவற்றின் முகம் அப்படி இருக்கிறது.

இந்த நடையை எல்லாம் சிவசண்முகம் கரும்பலகையில் சிவப்புச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு விளக்குவார். அவரிடம் இருந்தவை, சாயமேற்றிச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய கருக்கள். செத்தவை. செத்த செல் நடக்காது என்பதால் அவர் அம்பு போட்டார். வளைந்த அம்பு, கிளை பிரியும் அம்பு, இதயத்தைச் சுற்றி வரும் அம்பு. பையன்கள் அவரை 'அம்பு சார்' என்றார்கள். அது கேலி என்பது அவருக்குத் தெரியாது. பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த அதே நாளில், அதே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர் மார்கரெட். உவரிக்காரி. அப்பா கடலுக்குப் போனவர். வகுப்பில் மைக் தேவைப்படாத குரல். மார்கரெட் சிரித்தால் இரண்டு சுவர் தாண்டிக் கேட்கும். அந்தச் சிரிப்பின்மீது சிவசண்முகத்துக்கு முதல் வருடத்திலேயே பொறாமை வந்துவிட்டது. அடுத்து மார்கரெட்டின் மேஜையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள்மீது வந்தது. பிறகு சாப்பாட்டு டப்பாமீது. சிவசண்முகம் சுத்த சைவம். ஆனாலும் மத்தியானம் அந்த டப்பா திறந்து, கருவாட்டுத் தொக்குக்கு ஆசிரியர் அறையே எழுந்து போகும்போது, தன்னுடைய கத்திரிக்காய்ப் பொரியலை யாரும் எட்டிக்கூடப் பார்க்காதது அவருக்குச் சுருக்கென்று தைக்கும். தான் தொடவே மாட்டாத பண்டத்தைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்பட முடியும் என்பதை அவர் நிரூபித்துக் காட்டினார். அவருடைய ஆராய்ச்சி முடிவுகளில் மறுக்க முடியாதது அது ஒன்றுதான்.

இந்த மார்கரெட்தான் ஏப்ரலில் அந்த வேலையைச் செய்தார். கருவை முட்டையிலிருந்து எடுத்து ஒரு சிறு கிண்ணத்தில் உயிரோடு வைத்தார். நடக்கப்போகும் செல்களுக்கு மட்டும் பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றினார். மைக்ராஸ்கோப்பைச் சுற்றிப் பெட்டி மாதிரி ஓர் அடைப்பு, உள்ளே சூட்டுக்கு ஒரு ஹீட்டர், மேலே கேமரா. சில நிமிடங்களுக்கு ஒரு படம். படங்களைக் கோத்து ஓட்டினால் செல்கள் நடந்தன. ரொம்ப நேரம் இல்லை. பத்து விநாடி நடந்தன, பிறகு சுருண்டு நின்றுவிட்டன. கரு இறந்துவிட்டது. ஆனாலும் பத்து விநாடி நடந்தன. அம்பு இல்லாமல் நடந்தன.

முதல்வர் ரேமண்ட் வணிகவியல்காரர். செல் என்றால் அவருக்கு ஃபோன். அவரே அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"மேடம், இது வெறும் படம் இல்ல. சிருஷ்டி! நம்ம துறைப் பொன்விழாவுல சிறப்புரை நீங்கதான். முகம் உருவாகுறது முழுசா இருக்கணும். முழுசா எடுத்திருவீங்கள்ல?"

"எடுத்துருவோம் சார்."

"எடுக்க முடியலன்னா…" என்று முதல்வர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை சிவசண்முகத்தின்மேல் வந்து, வேறு இடம் இல்லாததால், நின்றது. "நம்ம சண்முகம் சார் இருக்காவ. அம்பு போட்டுச் சமாளிச்சிருவாவ."

பொன்விழாச் சிறப்புரைக்கு வெளியூர்களிலிருந்து பேராசிரியர்கள் வரப்போகிறார்கள். இருபத்திரண்டு வருடமாகச் சிவசண்முகம் காத்திருந்த மேடை அது. இப்போது அது மார்கரெட்டுடைய கோழிக்கருவின் ஆயுளில் தொங்கியது. கரு பிழைத்தால் மார்கரெட். செத்தால் இவர். அதிலும், சமாளிக்கிறவராக.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அவர் மனைவி உலகம்மாளின் ஃபோனுக்கு யாரோ அந்தப் படத்தை அனுப்பிவைத்திருந்தார்கள்.

"இங்கன பாருங்க, இது உங்க காலேஜா? எறும்பு சாரை சாரையாப் போகுத மாதிரி எம்புட்டு அழகாப் போகுது!"

"எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான். இருபத்திரண்டு வருஷமா நடத்துதேன்."

"நீங்க இதைப் பாத்திருக்கியளா?"

"நடத்துதேன்னு சொல்லுதேன்லா."

"நடத்துதிய, சரி. பாத்திருக்கியளான்னு கேக்கேன்."

சிவசண்முகம் மோரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். பின்னால் உலகம்மாள் அதை மறுபடி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது, அவள் 'ச்சே, என்னமா போகுது' என்று சொன்னதில் தெரிந்தது. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் தன்னைப் பார்த்து அவள் 'என்னமா' என்று சொன்ன சந்தர்ப்பம் ஒன்றை அவர் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

நல்ல காலம், மே மாதம் முழுக்க மார்கரெட்டின் கருக்கள் வரிசையாகச் செத்தன. ஒவ்வொரு சாவுக்கும் சிவசண்முகம் தவறாமல் துக்கம் கேட்கப் போனார். கல்லூரியில் வேறு யாரும் இவ்வளவு ஒழுங்காகத் துக்கம் கேட்டதில்லை.

"பாவம் மேடம். எம்புட்டு மெனக்கெட்டிய. உயிருள்ள கரு அப்பிடித்தான், நம்ம சொன்ன பேச்சு கேக்காது. அதுக்குத்தான் நான் ஆரம்பத்துலயே அதைச் சாயத்துல முக்கிருவேன்."

"ஆமா சார்வாள். உங்க கருவுக்கு ஒரு சௌகரியம், மறுபடி சாகாது."

அந்தச் சிரிப்பு இரண்டு சுவரைத் தாண்டியது.

விழாவுக்கு முந்தின வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, ஆசிரியர் அறையில் மார்கரெட் கருவாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நாளைக்குக் கடைசித் தடவ. காலையில கருவ வச்சிட்டு நான் உவரிக்குப் போறேன், சின்னம்மா பேத்திக்குக் கல்யாணம். நான் பக்கத்துல நின்னு நின்னு பாக்குததுதான் அதுக்குப் பிடிக்கல போல. புதுசா ஒரு தெர்மாமீட்டர் வேற வாங்கிக் கிண்ணத்துப் பக்கத்துலயே வச்சிருக்கேன், சூட்டைத் தன்னால கம்ப்யூட்டர்ல பதிஞ்சிக்கிடும். திங்கக்கிழமை வந்து பாத்துக்கிடுதேன்."

"லீவு நாளாச்சே, ஆள் வேண்டாமா?" என்றார் சிவசண்முகம். குரலில் அக்கறை வழிந்தது.

"நம்ம லேப் பீர் மைதீன் பாய் ஒரு நடை வந்து பாக்குதேன்னிருக்காவ. கரண்ட் பத்திக் கவலையில்ல. மைக்ராஸ்கோப், கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் இன்வெர்ட்டர்ல ஓடுது. ஹீட்டர் மட்டும்தான் நேர் லைன், அது ரொம்ப இழுக்கும்லா."

ஹீட்டர் மட்டும் நேர் லைன். சிவசண்முகத்துக்கு அன்றிரவு சாப்பாடு ருசித்தது.

சனிக்கிழமை காலை பத்து மணி வாக்கில், தன் மேஜை டிராயரில் கண்ணாடியை மறந்துவிட்டதாக வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு மாடியேறினார். கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது. வாட்ச்மேன் அதைக் கவனிக்கவில்லை. ஒரு பேராசிரியரின் முகத்தைப் பார்க்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. கத்திரி வெயில். மூலை அறைக்குள் கதவும் ஜன்னலும் அடைத்துக் கிடக்க, சுண்ணாம்புக் காளவாசல் மாதிரி இருந்தது. வந்தது தெரியக்கூடாது என்று அவர் விளக்கைப் போடவில்லை, மின்விசிறியைப் போடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது. கம்ப்யூட்டர் திரை மட்டும் இருட்டில் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

சுவிட்சுக்குத்தான் வந்தார். ஆனாலும் திரையைப் பார்த்தார். அதுவரை எடுத்த படங்கள் அதில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தன.

குழலின் உச்சியிலிருந்து ஒரு செல் விடுபட்டது. அதற்கு ஒரு முன்னங்கால் மாதிரி முளைத்தது; நீட்டித் தடவிப் பார்த்தது, இழுத்துக்கொண்டது, வேறு பக்கம் நீட்டியது. பின்னால் இன்னொன்று இறங்கியது. பின்னால் ஒரு கூட்டம். முன்னால் போன இரண்டு முட்டிக்கொண்டன. இரண்டும் நின்றன. காலைச் சுருக்கிக்கொண்டன. திரும்பின. ஒன்று தாடைப் பக்கம் போயிற்று, ஒன்று கண் பக்கம் போயிற்று.

சிவசண்முகம் குனிந்து நின்றார். அவர் போட்ட அம்புகள் சரிதான். வளைவுகூடச் சரிதான். ஆனால் எந்த அம்பிலும் இந்தத் தயக்கம் இருந்ததில்லை. தடவிப் பார்ப்பது, தப்பிப்போவது, மறுபடி வருவது. இருபத்திரண்டு வருடமாகக் கடிதம் மட்டும் எழுதிக்கொண்டிருந்த ஆளை முதல்முறையாக நேரில் பார்த்தது மாதிரி இருந்தது அவருக்கு. கண்ணில் நீர் வந்தது. வேர்வையாகவும் இருக்கலாம். அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் அந்த மனிதருக்குள் பொறாமை என்ற ஒன்று இல்லவே இல்லை.

அப்புறம் திரையின் கீழ் மூலையில், சின்ன எழுத்தில், 'மார்கரெட்' என்று இருந்ததைப் பார்த்தார்.

இவ்வளவு அழகும் இவளுக்குத்தானா?

சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் பெரிதாக 'தொடாதே' என்று எழுதியிருந்தது. தொட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கொலை என்பது இவ்வளவு சின்னச் சத்தமா என்று அவருக்கே ஆச்சரியம். கதவைச் சாத்திவிட்டு, வராந்தா முனை வரைக்கும் நுனிக்காலில் நடந்து, பிறகு பேராசிரியர் மாதிரி நடந்து போனார். மூன்றரை மணிக்குத் திரும்பி வந்து, தடயம் இருக்கக்கூடாது என்று, சுவிட்சைப் பழையபடி போட்டார். இந்த முறை திரையைப் பார்க்கவில்லை. செத்த வீட்டில் முகம் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. வாட்ச்மேனிடம் கண்ணாடி கிடைத்துவிட்டது என்றார்.

திங்கட்கிழமை துக்கம் கேட்கத் தயாராக, முகத்தை அதற்கேற்றபடி வைத்துக்கொண்டு போனார். மாடிப்படியிலேயே அந்தச் சிரிப்பு கேட்டது. மூலை அறையில் துறையே கூடியிருந்தது. திரையில் கோழிக்கு முகம் வந்துகொண்டிருந்தது. சாரை சாரையாக இறங்கி, பிரிந்து, நிரம்பி, கண்ணுக்குக் கீழே ஒரு மேடு எழும்பி, அதுதான் அலகு ஆகப்போகிறது என்பது வணிகவியல்காரருக்கே தெரிகிற அளவுக்கு.

"வாங்க சார்வாள், வாங்க!" என்றார் மார்கரெட். "குடியக் கெடுத்தது யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. இந்தப் பெட்டிதான்! வெளிய எண்ணு முப்பத்தெட்டு டிகிரின்னு காட்டும், உள்ள நாப்பத்தொண்ணு. இத்தன நாளா நான் கருவ வளக்கல, அவிச்சிக்கிட்டு இருந்திருக்கேன். புது தெர்மாமீட்டர் காட்டிக் குடுத்திட்டு. சனிக்கிழமை பாருங்க, நான் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்துல ஹீட்டர் நின்னிருக்கு. சூடு இறங்கி நம்ம அறைச் சூட்டுல வந்து நின்னிருக்கு. நம்ம அறைச் சூடு எம்புட்டுங்கிய? முப்பத்தெட்டு! கோழி அடைகாக்குத சூடு! பாளையங்கோட்டை வெயிலே கருவ அடைகாத்திருக்கு சார். சாயங்காலம் ஹீட்டர் மறுபடி ஓடி, கரு செத்துப் போச்சு. போகட்டும். அதுக்குள்ள முகம் வந்துட்டுல்லா!"

சிவசண்முகம் துக்க முகத்தை மாற்ற மறந்து நின்றார்.

"ஹீட்டர அணைச்சது யாரு?" என்று முதல்வர் கேட்டார்.

எல்லோரும் ஆய்வுக்கூட உதவியாளர் பீர் மைதீனைப் பார்த்தார்கள். மேலப்பாளையத்துக்காரர். ஓடுகிற எதையும் கண்டால் அணைத்துவிடுவது அவருக்கு நோய் மாதிரி. ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே மின்விசிறியை அணைத்துவிட்டுப் போவார். சனிக்கிழமை அவர் கல்லூரிப் பக்கமே வரவில்லை. வந்ததாகத்தான் சொல்லியிருந்தார். ஆகவே இப்போது வசமாக மாட்டிக்கொண்டார்.

"பாய், நீங்கதான அணைச்சிய?"

பீர் மைதீன் தலையைச் சொறிந்தார். திட்டப்போகிறார்களா, பாராட்டப்போகிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பாராட்டத்தான் என்று முடிவுக்கு வந்தார்.

"அணைச்சிருப்பேன் மேடம். இந்தக் காலேஜ்ல நான் அணைக்காம வேற யாரு அணைப்பா?"

மார்கரெட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிவசண்முகம் அன்று முழுவதும் தண்ணீர் மட்டும் குடித்தார்.

பொன்விழா. அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் வெளியூர்ப் பேராசிரியர்கள். மார்கரெட் பேசினார், விளக்கை அணைத்துவிட்டுத் திரை முழுக்கச் செல்களை நடக்கவிட்டார். கூட்டத்தில் யாரோ "ஆத்தாடி" என்றார்கள். கடைசியில் பீர் மைதீனின் புகைப்படம் வந்தது. முதல்வர் அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்.

"அறிவியல் வரலாற்றிலே சில கைகள் உண்டு!" என்று முதல்வர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "விளக்கை ஏற்றிய கைகளை உலகம் அறியும். அணைத்த கை இது! அந்தக் கை எங்கள் கல்லூரியின் கை! அந்த ஒரு சுவிட்சு அன்று அணைக்கப்படாமல் இருந்திருந்தால், இந்த முகத்தை உலகம் கண்டிருக்குமா?"

கைத்தட்டல் நிற்கவே இல்லை. ஒரு வெளியூர்ப் பேராசிரியர் எழுந்து நின்று தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். பீர் மைதீன் பொன்னாடைக்குள் இருந்து எல்லோருக்கும் சலாம் வைத்தார்.

சிவசண்முகத்துக்கு நன்றியுரை கொடுத்திருந்தார்கள். மேடையின் ஓரத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மார்கரெட்மீது இருந்ததெல்லாம் இப்போது அவருக்கு மறந்தே போயிற்று. அது பழைய பொறாமை, பழகிப்போனது, அதோடு அவர் குடித்தனமே நடத்தியிருக்கிறார். இது புதிது. பச்சை ரணம். அந்தச் சுவிட்சு அவருடையது. வேர்க்க விறுவிறுக்க மாடியேறி, பிளாஸ்திரியைத் தாண்டி, அவர் கையால் அணைத்தது. வாழ்க்கையில் அவர் செய்த ஒரே செயலுக்கு விளைவு என்று ஒன்று உண்டாகியிருக்கிறது. அதற்கு ஒரு முகமே வந்திருக்கிறது. அதை இந்தப் பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறார். சொன்னால் மானம் போகும், வேலைகூடப் போகலாம். சொல்லாவிட்டால் இதுவும் போகும்.

மைக் முன்னால் போய் நின்றார். "தலைவர் அவர்களே" என்றார். நன்றியுரைத் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"அந்த சுவிட்சை அணைச்சது பாய் இல்ல. நான்."

முதல் வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நீங்களா?" என்றார் முதல்வர்.

"நான்தான். கரு வெந்து சாகுதுன்னு எனக்குச் சந்தேகம் இருந்தது. கருவியல்ல எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். அந்த அனுபவத்துல…"

"சந்தேகம் இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா சார்?" மார்கரெட் தன் இடத்திலிருந்தே கேட்டார். மைக் தேவைப்படவில்லை. "நான் உவரிக்குப் போற வரைக்கும் எதுக்குக் காத்திருந்திய?"

சிவசண்முகம் கூட்டத்தைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். பொய் அவர் வாயில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அதுவும் கைவிட்டுப் போயிற்று.

"கெட்டுப் போகட்டும்னுதான் அணைச்சேன்," என்றார். "சாகணும்னுதான். ஆனா அணைச்சது நான். பெட்டியத் திறக்கல, வேற எதையும் தொடல. சுவிட்சை மட்டும் அணைச்சேன். அது நான்தான்."

சாகணும் என்று சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது. நான்தான் என்றபோது கணீரென்று இருந்தது.

மார்கரெட் சிரிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இம்புட்டு வருஷம் ஒரே அறையில இருந்து சாப்பிட்டிருக்கோம் சார்," என்று மட்டும் சொன்னார்.

பீர் மைதீன்தான் முதலில் அசைந்தார். பொன்னாடையைக் கழற்றி மடித்து, "சார், இந்தாங்க. குடுத்தாவன்னு வாங்கிக்கிட்டேன்," என்று நீட்டினார். சிவசண்முகம் அதை வாங்கினார். வாங்கியது மட்டுமல்ல, போர்த்தியும் கொண்டார். முதல்வர் விசாரணைக் குழு ஒன்றை அங்கேயே அறிவித்தார். அறிவித்த கையோடு, வெளியூர்ப் பேராசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால், ஏன் என்று தெரியாமலே சிவசண்முகத்தின் கையையும் பிடித்துக் குலுக்கினார். யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கி நிறுத்தினார். உலகம்மாள் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தாள். சிவசண்முகம் பொன்னாடையோடு மேடையில் நின்றார். பின்னால் திரையில், எல்லோரும் நிறுத்த மறந்த செல்கள் நடந்துகொண்டிருந்தன. மார்கரெட்டின் செல்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அதில் பாதி அவருடையது. வேலை போனாலும் சரி, அந்தக் கோழியின் முகத்தில் தன் விரல் இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். இருபத்திரண்டு வருடத்தில் இரண்டாம் முறையாக அவருக்கு யார்மீதும் பொறாமை இல்லை.

அந்தச் சனிக்கிழமை, மாதாந்திரப் பராமரிப்புக்காக, அந்தப் பகுதி முழுவதும் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்சாரம் கிடையாது.